பதினோரு தப்படி

வருகிறான். லாசர்தான். பந்தயம் ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிஷம். பழைய கார்களெல்லாம் கோட்டில் வந்து நிற்கின்றன, அதை எடுக்காமல் நான் நீள லென்ஸை ஒரு கிழவன்மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலியோரமாக வருகிறான். முழங்காலை மடக்காத நடை. நாலு அடி எடுத்து வைக்கிறான், நிற்கிறான், கைத்தடியில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், மறுபடி நாலு. கார்களைத் தயார் பண்ணுகிற கொட்டகையிலிருந்து இந்த வளைவுக்கு முக்கால் கிலோமீட்டர். வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாமென்றிருப்பான். எண்பது வயசு, என்னைவிட நாலு மூத்தவன். பாதி வழியில் களைத்துத் திரும்பிவிட்டால் தேவலை என்று நினைக்கிறேன். நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே அதையேதான் நினைக்கிறேன். காலையில் கூடாரத்தில் ரகுநந்தன் என்னைப் பிடித்துக்கொண்டான். சேஷகிரியின் மகன். அப்பன் சாகும்போது இவனுக்கு இரண்டு வயசு, இப்போது தலை நரைத்த ஆள். அப்பன் ஓட்டிச் செத்த பச்சைக் காரின் அடிச்சட்டம் எங்கோ ஒரு கொட்டடியில் துருப்பிடித்துக் கிடந்ததாம். தேடிக் கண்டுபிடித்து, ஆறு வருஷம் உட்கார்ந்து திருப்பிக் கட்டி, இன்றைக்கு அதே தடத்தில் ஓட்டப் போகிறான். "சார், லாசரண்ணனக் கூட்டிட்டு வந்துட்டேன். வரவே மாட்டேன்னாரு, நாலு தடவ வீட்டுக்குப் போனேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம், அதுக்குத்தான் வந்தேங்கிறாரு." என்னவாம் என்றேன். "அன்னிக்கு அந்த வளைவுல நின்னது நீங்க ஒருத்தர்தானாமே. அப்பா வண்டி வந்தப்ப பிரேக் பிடிச்ச சத்தம் கேட்டுச்சான்னு கேக்கணுமாம்." கூடாரத்தின் அந்த மூலையில் லாசர் எழுந்து நின்றான். வெளிச்சம் போகுது, வரேன் என்றேன். காலை எட்டு மணிக்கு. வெளிச்சம் எங்கே போகும். பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான், கிழவன் சிடுமூஞ்சி என்று ஊருக்கே தெரியும். அது ஒரு வசதி. சிடுமூஞ்சியிடம் யாரும் ரொம்ப நேரம் நிற்பதில்லை. நாற்பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. கிளப் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை, சேஷகிரியின் பெண்டாட்டி கேட்கவில்லை. பிரேக் விட்டுப்போச்சு, மெக்கானிக் லாசர் பிரேக் குழாயின் நட்டைச் சரியாக முடுக்கவில்லை, அதனால் சேஷகிரி செத்தான். எழுதி முடித்தாயிற்று. கீழே லாசரே கையெழுத்துப் போட்டான். பிரேக் பிடித்தது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பத்து நிமிஷம் லேட்டாம் சார்," என்கிறாள் பர்வீன். இந்த வளைவுக்குக் கொடி காட்டுகிற மார்ஷல். வாரம் பூரா வங்கியில் உட்காருகிறவள், பந்தயம் என்றால் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் வந்து நிற்கிறாள். "இந்தப் பக்கம் வாங்க, நிழல் இருக்கு. வெளிச்சமும் நல்லா வருது." வேணாம். "மத்த போட்டோக்காரங்கல்லாம் சுத்துக்கு ஒரு எடம் ஓடுறாங்க. நீங்க வந்து நின்னா நின்னதுதான். படம் எடுக்க வந்தீங்களா, காவலுக்கு வந்தீங்களா?" எடுக்கறேன்மா. "மூணு வருஷமா பாக்கறேன் சார், ஒரு அடி நகந்து பாத்ததில்ல." நகர்ந்தால் உனக்கென்ன, நகராவிட்டால் உனக்கென்ன. கழுத்தில் இரண்டு கேமரா. ஒன்று ஃபிலிம், முப்பத்தாறு படம், அதற்குமேல் கிடையாது. இன்னொன்று டிஜிட்டல், மகள் வாங்கிக் கொடுத்தது, விரலை எடுக்காமல் அழுத்தினால் விநாடிக்கு இருபது. பத்திரிகைக்கு அனுப்புவது இதில். எனக்கென்று எடுப்பது அதில். இருபது எடுத்தால் ஒன்று விழாதா என்கிறான்கள் இப்போது வருகிறவன்கள். விழும். விழுந்ததை அங்கேயே பின்பக்கத் திரையில் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் நிற்கிறவனும் எட்டிப் பார்ப்பான். அன்றைக்கு இந்தச் சனியன் இருந்திருந்தால் மறைத்திருக்க முடியாது. ஃபிலிம் அப்படியில்லை. எடுத்தவனும் அதுவும் மட்டும் ஒரு நாள் தனியாக இருக்கலாம். ஒரு நாள் போதும் மனுஷன் கெட்டுப்போக. காரோடு சேர்த்துக் கேமராவை இழுக்க வேண்டும், இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், ஷட்டர் நூற்றிருபத்தஞ்சு. கார் கூர்மையாக விழும், பின்னால் மரம், வேலி, ஜனம் எல்லாம் கோடு கோடாகும், சக்கரத்தின் கம்பிகள் கரைந்து வெறும் மினுக்கமாகிவிடும். கம்பி கரைந்தால்தான் சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு கம்பியும் எண்ணுகிற மாதிரி விழுந்தால் சக்கரம் நின்றுவிட்டது, பிரேக் கடித்துப் பிடித்துவிட்டது. கேமராவை ஆறு மாதம் தொட்டவனுக்குக்கூடத் தெரிகிற சங்கதி. அன்றைக்கு எடுத்த ஃபிலிமில் முப்பத்தொன்றாவது படம். இடது முன் சக்கரம். எண்ணியிருக்கிறேன். நாற்பத்தெட்டு கம்பி.

கொடி விழுந்துவிட்டது. பதினாலு கார், எல்லாம் என்னைப் போல. ஒன்று இருமுகிறது, ஒன்று நீலப் புகை விடுகிறது, ஒன்று கோட்டிலேயே படுத்துக்கொண்டது. பத்துச் சுற்று. முதல் சுற்றில் மூன்றாவதாக வருகிறது பச்சை. சின்ன உடம்பு, மேலே மூடியில்லை, தலை மட்டும் தெரிகிறது. அந்தத் தலை. அப்பன் உட்காருகிற மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு. ஃபிலிமைத் தூக்கினேன், இழுத்தேன், அழுத்தினேன். ஒன்று. விளக்கெண்ணெய் வாசம் பின்னாலேயே வருகிறது. அந்தக் காலத்து ரேஸ் என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான், ரகுநந்தனும் விடாமல் அதையே ஊற்றியிருக்கிறான். ஊருக்கெல்லாம் விளக்கெண்ணெய் என்றால் வயிற்றுக்கடுப்பு ஞாபகம் வரும், எனக்கு சேஷகிரி. டீக்கடை பெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறான், சட்டையெல்லாம் அந்த வாசம், கையில் டம்ளர். எழுபத்தாறு, சனிக்கிழமை, பயிற்சி ஓட்டம் முடிந்த மத்தியானம். அன்றைக்கு எவனோ ஒருத்தன் சறுக்கி வந்து இந்த வளைவுக்கு முன்னால் நட்டிருந்த நூறு கெஜம் பலகையை இடித்துத் தள்ளிவிட்டான். இங்கே பிரேக்கை வை என்று ஓட்டுகிறவனுக்குக் காட்டுகிற பலகை. மறுபடி நட ஆளில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். "யோவ் சபா," என்றான் சேஷகிரி, "பலகை போச்சு. இனிமே நீதான்யா பலகை. அந்த மஞ்சத் தொப்பி அரை மைலுக்குத் தெரியுது. உன்ன வெச்சுத்தான் பிரேக் வெக்கிறேன். நாளைக்கு நகந்துடாத." சொல்லிவிட்டுச் சிரித்தான். சம்பளம் போட்டுக் குடு, நிக்கிறேன் என்றேன் நான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். லாசர் அங்கே இல்லை. அவன் எங்கே டீ குடித்தான், காருக்கடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான் சேஷகிரி. எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான், கல்யாணத்துக்குக் கூப்பிட்டதே கிண்டல் மாதிரிதான் இருந்தது. அப்படியென்றால் கிண்டல்தான். கிண்டல். நூறு மைல் வேகத்தில் வருகிறவன் ஒரு தொப்பியைப் பார்த்தா பிரேக் வைப்பான். வைப்பான். பலகை இல்லையென்றால் எதையாவது பார்த்துத்தான் வைக்க வேண்டும். மரம் இல்லை, கம்பம் இல்லை, வெட்டவெளி. மஞ்சள் தொப்பி இருந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் என் மனசு இத்தனை வருஷமாக ஒரே பள்ளத்தில் விழுகிறது, ஏறுகிறது, மறுபடி கிண்டல்தான் என்று ஆரம்பிக்கிறது.

இரண்டாவது சுற்று. மூன்றாவது. லாசர் பாதி வழி தாண்டிவிட்டான். டிஜிட்டலில் இருபது இருபதாகச் சுட்டுத் தள்ளுகிறேன், எதைச் சுடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு சுற்று அசையாமல் நின்றேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழு சுற்று ஒரே இடம். ஆனால் ஆபீஸில் உதவி ஆசிரியன் ஒருத்தன் முந்தின வாரம் என் படத்தைத் தூக்கிக் காட்டி, "என்னய்யா இது, கார் கேட்டா கொசு புடிச்சுட்டு வந்திருக்க," என்றிருந்தான், எல்லோர் எதிரிலும். பெரிய லென்ஸ் அப்போது கிடையாது. கார் பெரிதாக விழ வேண்டுமென்றால் நான்தான் கிட்டே போக வேண்டும். ஏழாவது சுற்று போனதும் வளைவுப் பக்கமாக நடந்தேன். சேஷகிரி சொன்னது ஞாபகம் வந்ததா. வந்தது. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் முயற்சி பண்ணியிருக்கிறேன். மறக்கவில்லை. நடக்கும்போதே ஞாபகம் வந்தது, கிண்டல்தானே என்று நினைத்தேன், கொசு என்றவன் முகமும் வந்தது, நடந்தேன். எட்டாவது சுற்றில் வந்தான். பெரிதாக வந்தான், கேட்ட மாதிரியே. கேமராவை இழுத்தேன், அழுத்தினேன், டயர் அலறியது, நான் திரும்பி முடிப்பதற்குள் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய் மண்மேட்டைத் தாண்டிச் சுவரில். சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவை மிதித்த மாதிரி. அப்புறம் தீ. எல்லோரும் காரைப் பார்த்து ஓடினார்கள். லாசர் கொட்டகையிலிருந்து முக்கால் கிலோமீட்டரும் ஓடிவந்தான், ஒரு காலில் செருப்பில்லை. நான் ஓடவில்லை. நான் பின்னால் திரும்பி, முதலில் நின்ற இடத்துக்கு நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். அங்கே ஒருத்தன் எரிந்துகொண்டிருக்கிறான், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினோரு தப்படி.

திங்கட்கிழமை மத்தியானம் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டேன். சொட்டிக்கொண்டிருக்கும்போதே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. சக்கரத்தில் கம்பி கம்பியாக நிற்கிறது. பிரேக் பிடித்திருக்கிறது, பிடிக்க வேண்டிய இடம் தாண்டிப் பிடித்திருக்கிறது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் தலை. நேராக ரோட்டைப் பார்க்கவில்லை. இத்தனூண்டு என் பக்கம் திரும்பியிருக்கிறது. தொப்பியைத் தேடியிருக்கிறான், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, எங்கே என்று பார்த்திருக்கிறான். கிண்டல் பண்ணியவன் தேடமாட்டான். புதன்கிழமை கிளப்பில் விசாரிக்க மூன்று பேரை உட்கார வைத்தார்கள், படத்தையெல்லாம் கொண்டு வா என்றார்கள். முப்பத்தஞ்சு கொடுத்தேன். ஒன்றில் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது என்றேன். சரி என்று எழுதிக்கொண்டான் ஒருத்தன். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நசுங்கிய காரில் பிரேக் குழாய் நட்டு கழன்று கிடந்ததாம், கழன்றது லாசர் கையால் என்று தீர்ந்துவிட்டது. சுவரில் மோதினால் பல்லே கழன்றுகொள்கிறது, நட்டு கழலாதா. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் முந்தியே சுடுகாட்டில் நடந்தாயிற்று. சேஷகிரியின் அப்பா நேராக நடந்து வந்து லாசரை அறைந்தார். லாசர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அறை வாங்கின முகத்தோடு அங்குமிங்கும் பார்த்தான், தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, என்னைப் பார்த்தான். நான் கேமரா வாரைச் சரிபண்ணிக்கொண்டேன். சரிபண்ண அதில் ஒன்றுமில்லை. அப்புறம் அவன் ரேஸ் பக்கமே வரவில்லை. ஆவடிப் பக்கம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறான் என்று காதில் விழுந்தது. நான் ஆவடிப் பக்கம் போகவில்லை. அங்கே ஒரு கல்யாணம், ஒரு சாவு, இரண்டுக்கும் போகவில்லை. நெகட்டிவை எரிக்கவும் இல்லை. ஏன் எரிக்கவில்லை என்று கேட்டால் தெரியாது. எரித்திருந்தால் பொய்யன். வைத்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது சொல்லப் போகிறவன். அப்படியே என்றைக்காவது சொல்லப் போகிறவனாகவே நாற்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

"ஏம்பா சபா." வந்துவிட்டான். ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் இன்னும் சின்ன ஆளாகியிருக்கிறான், காதில் மட்டும் மயிர் மண்டியிருக்கிறது. "காலைல என்னப் பாத்துட்டு அந்த ஓட்டம் ஓடுற, போலீசப் பாத்த கள்ளன் மாதிரி." வேலை இருந்துச்சு என்றேன். "இருக்கும் இருக்கும்." பர்வீன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். "உக்காருங்க தாத்தா." லாசர் உட்காராமல் அவளைப் பார்த்தான். "அந்தாளு சாரு, நான் தாத்தாவா?" "அவரு எப்பப் பாத்தாலும் மொறைக்கிறாரு, அதனால சார். நீங்களும் மொறச்சா உங்களயும் சார்ங்கறேன்." லாசர் சிரித்துவிட்டான். மேலே பல்லில்லை. உட்கார்ந்தான், கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் ஊன்றினான், கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறானா என்று பார்த்தேன். பச்சைக் கார் நேர்ரோட்டில் வருகிற சத்தம் கேட்டதும் ஒரு விரலைத் தூக்கினான், யாரும் பேசாதே என்கிற மாதிரி. கார் வந்தது. புதிதாக நட்டிருக்கிற பலகைக்கு ரொம்ப முந்தியே ரகுநந்தன் பிரேக்கை வைத்தான், டிரம் கீச்சென்றது, திரும்பிப் போய்விட்டது. விரலை இறக்கினான். "பிடிக்குது," என்றான். "முன்னாடி வலதுல கொஞ்சம் முந்திப் பிடிக்குது. பையன்கிட்ட சொல்லணும்." அப்புறம் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "அன்னிக்கு இந்த மாதிரி கேட்டுச்சா, சபா?"

ஞாபகம் இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பத்தொன்பது வருஷம் பழக்கின வாய். லாசர் தலையை ஆட்டினான். கோபமில்லை, அது இருந்தாலாவது தேவலை. "ஞாபகமில்லாம இருக்கும். யாருக்கு இருக்கும். எனக்கு ஒண்ணு மட்டும் இருக்கு. அன்னிக்குக் காலைல அந்த நட்டை முடுக்கினேன். கடைசியா ஸ்பேனர் அமுங்கும் பாரு, போதும்னு கைக்குத் தெரியும், அது இன்னும் இந்தக் கைல இருக்கு. கை முடுக்கினேங்குது. ஆனா அத்தினி பேரும் முடுக்கலங்கறாங்க. கை பெருசா, படிச்சவன் மூணு பேரு பெருசா. சரின்னு கையெழுத்துப் போட்டேன். அதுலேருந்து இந்தக் கைய நான் நம்பறதில்ல. மோட்டார் மாட்டிட்டு பஸ் ஏறப் போவேன், பாதி வழில திரும்பி வந்து நட்டத் தொட்டுப் பாப்பேன். வீட்டுக்காரன் கதவத் தொறந்து, என்ன பெரியவரே எதனா வுட்டுட்டியா அப்பிடிம்பான். என் மவளப் பொண்ணு கேட்டு வந்தவன் ஒருத்தன், நீதான் ரேஸ்காரனக் கொன்ன லாசரான்னு கேட்டுட்டு எழுந்து போனான். மவ உள்ள நின்னு கேட்டுக்கினு இருந்தா. அவ ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல." ஏதோ ஒரு சிவப்புக் கார் புகையோடு போயிற்று. "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. அதயும் வாங்கிக்கிறேன். ஆனா எதனா ஒண்ணு சொல்லு. தெரியாம சாவறதுக்கு எனக்குப் புடிக்கல."

ஆறு, ஏழு எப்படிப் போயிற்று என்று தெரியாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றேன், அது ஒன்றுதான் முகத்தை மூட இருந்தது. பாதி சொல்லலாம். கேட்டுச்சு லாசர், பிரேக் கேட்டுச்சு, இப்பத்தான் ஞாபகம் வருது. அவ்வளவு போதும் அவனுக்கு. கையை நம்பிக்கொண்டு போய்ச் சாவான். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், நகர்ந்ததைச் சொல்ல வேண்டாம். நல்ல யோசனை, நல்ல யோசனை. ஆனால் கிழவனுக்கு வயசானதால் ஆறுதல் சொன்னேன் என்று நாளைக்கு நினைத்துக்கொள்வான். மகளிடம் போய் என்ன சொல்வான், போட்டோக்காரன் சத்தம் கேட்டுச்சுன்னான் என்றா. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு சிடுமூஞ்சி சொன்ன வார்த்தை. கையெழுத்துப் போட்ட காகிதம் அதைவிடப் பெரிசு. எட்டாவது சுற்று. பச்சைக் கார் வந்தது, போயிற்று, நான் எதையும் அழுத்தவில்லை. கேமராவை இறக்கினேன்.

"பிரேக் பிடிச்சுது," என்றேன்.

கண்ணைத் திறந்தான்.

"சக்கரம் பூட்டிக்கிச்சு. படம் இருக்கு. இடது முன் சக்கரம், கம்பி கம்பியா நிக்குது."

லாசருக்குப் படம் பற்றி விளக்க வேண்டியதில்லை. எத்தனை வருஷம் என் படங்களைப் பார்த்து, "சக்கரம் சுத்தவே இல்லையே, நிறுத்தி வெச்சு எடுத்தியா," என்று கிண்டல் அடித்தவன். கையை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தான். வலது கை. ரொம்ப நேரம் பார்த்தான். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன், இதோடு முடிந்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை.

"எப்பப் பாத்த அந்தப் படத்த?"

"மறுநாள்."

"மறுநாள்," என்றான். "கமிட்டிக்கு முந்தி."

"ஆமா."

"சுடுகாட்டுக்குக் கூட முந்தி."

செவ்வாய்க்கிழமைதான் பிணத்தை எடுத்தார்கள். அறை விழும்போது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேனா என்று தெரியாது. அவன் அடுத்ததற்குப் போய்விட்டான், மெக்கானிக் புத்தி, ஒன்று சரியென்றால் அடுத்ததைத் தட்டிப் பார்ப்பான்.

"பிரேக் நல்லாருந்தா அவன் ஏன் அவ்ளோ உள்ள வந்து பிரேக் வெச்சான்? அத்தினி வருஷம் ஓட்டினவன். அங்க வெக்கமாட்டானே."

இதற்குத் தெரியாது என்று சொல்லலாம். கடைசிக் கதவு, அது திறந்தேதான் இருந்தது. பர்வீன் கொடியைச் சுருட்டிக்கொண்டே எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகை இல்ல லாசர். சனிக்கிழமையே விழுந்துடுச்சு. என்ன வெச்சு பிரேக் வெக்கிறேன்னு சொன்னான், நகராதன்னான். நான் நகந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"வளைவுப் பக்கம்."

"எத்தினி?"

"பதினோரு தப்படி."

எழுந்துவிட்டான். அடிக்கத்தான் எழுகிறான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நினைத்தேன், கேமராவைக் கழுத்திலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கங்கெட்ட யோசனை. அவன் என்னைத் தாண்டிப் போனான். வேலியோரமாக, வளைவுப் பக்கமாக. உதடு அசைந்தது. எண்ணுகிறான். "தாத்தா, அதுக்கு மேல போகாதீங்க," என்றாள் பர்வீன். பதினொன்றில் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான், சுவர் இருந்த பக்கம் பார்த்தான். சுவர் இப்போது இல்லை, டயர் அடுக்கியிருக்கிறார்கள். கடைசிச் சுற்று அவன் எதிரில் போயிற்று, பச்சைக் காருக்கு நாலாவது இடம், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதே நாலு நாலு அடியாகத் திரும்பி வந்தான். "என் பதினொண்ணு சின்னது," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "உன் பதினொண்ணு முப்பதடி இருந்திருக்கும். நூறு மைல்ல ஒரு விநாடில அஞ்சுல ஒரு பங்கு." டயர் அடுக்கைத் திரும்பிப் பார்த்தான். "போதும். அவனுக்கு அது போதும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சுக்கோ என்பது காலை மிதித்தவன் சொல்வது.

"அந்தப் படம் எனக்கு வேணும்," என்றான். "பெருசாப் போடு. என் மவளுக்குக் கம்பிய எண்ணிக் காட்டணும்."

"நாளைக்கே போட்டு எடுத்துட்டு வரேன்."

"அனுப்பு. நீ வராத."

சரி என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியைக் கீழே வைத்தான். பந்தயம் முடிந்தவர்கள் ஒரு சுற்று மெதுவாக வந்து மார்ஷல்களுக்குக் கைகாட்டிவிட்டுப் போவது வழக்கம். பர்வீன் கைதட்டினாள். பச்சைக் கார் வளைவுக்கு வந்ததும் ஓரம் கட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. ரகுநந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. சிரித்துக்கொண்டிருந்தான். என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான்: "பிரேக் எப்படிண்ணே?"

"பிடிக்குது. வலதுல கொஞ்சம் முந்திப் பிடிக்குது, அட்ஜஸ்ட் பண்ணிக்க." லாசர் என் பக்கம் பார்க்கவில்லை. "இவரு உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். உங்கப்பாவப் பத்தி."

நான் சொல்லணும் என்று சொல்லவில்லை. ரகுநந்தன் லாசரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. குனிந்து என்ஜினை அணைத்தான். விளக்கெண்ணெய் வாசம் அப்படியே நின்றது.

"சொல்லுங்க சார்," என்றான்.